பேர்லின் கிளப்பும் எங்கள் கூத்தும் ஒரே தட்டிலா?

குளத்தடி (கிளிநொச்சி):
பேர்லினில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி லீவில் வந்து நிற்கிறான். நேற்று இரவு முற்றத்தில் இருந்து கதைக்கும்போது பேர்க்ஹைன் என்ற நடனக் கிளப் பற்றிச் சொன்னான். சனி இரவு கதவு திறந்தால் திங்கள் காலைவரை இசை நிற்காதாம். 2016இல் பேர்லின்-பிராண்டன்பேர்க் நிதி நீதிமன்றம், அங்கே டீஜேக்கள் வாசிப்பது இசைக்கச்சேரிக்குச் சமம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதனால் நுழைவுக் கட்டணத்துக்கு வரி 19 வீதம் இல்லை, நாடகத்துக்கும் கச்சேரிக்கும் போல 7 வீதம்தான். 20 யூரோ ரிக்கற் என்று வைத்துக்கொண்டால் அரசுக்குப் போவது 3.19 யூரோவுக்குப் பதில் 1.31 யூரோ. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. உங்களுக்கு?

முறிகண்டியான்:
அவர்கள் நாடு, அவர்கள் வரி, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அதைக் கலை என்று இங்கே தூக்கி வராதீர்கள். இருட்டறை, மாத்திரை, விடிய விடிய ‘டங் டங்’ என்று ஒரே அடி. அந்தக் கிளப்பின் பெயர் உலகமெல்லாம் அடிபடுவது இசையால் மட்டுமா? இங்கே ஐஸ் போதைப்பொருளும் கஞ்சாவும் பொடியளைத் தின்றுகொண்டிருக்கிற நேரத்தில் நமக்கு இந்தப் பெருமை தேவையா?

ஒட்டுசுட்டான் மச்சான்:
ஐயா நேரில் போய்ப் பார்த்தவர் மாதிரியே சொல்கிறார் 😄

பேர்லின் பொடியன்:
அந்தத் தம்பி நான்தான். ஐயா சொன்னதில் பொய்யில்லை, பாதிதான் இருக்கிறது. மிச்சத்தை நான் சொல்கிறேன்.

1989இல் பேர்லின் மதில் விழுந்தபோது கிழக்கு பேர்லினில் ஏராளமான கட்டடங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. பொடியள் ஒலிபெருக்கியோடு அதற்குள் புகுந்தார்கள். 1991இல் ட்ரெசோர் என்ற கிளப் திறந்தது, ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்துக்குள். பேர்க்ஹைனின் முன்னோடி ஒஸ்ட்குட், 1998இல் பழைய ரயில்வேக் களஞ்சியம் ஒன்றில் தொடங்கியது. ஆண்களை விரும்பும் ஆண்கள் பயமில்லாமல் கூடிய இடம் அது. 2003இல் அதை மூட, அடுத்த வருடம் அதே ஆட்கள் ஒரு பழைய அனல்மின் நிலையத்துக்குள் போனார்கள். 1950களில் கிழக்கு ஜேர்மனி கட்டியது. உள்ளே நின்று அண்ணாந்தால் கூரை 18 மீற்றர் உயரத்தில். கொங்கிறீற்றில் அடி இறங்கும்போது காதுக்கு முதல் நெஞ்சுக்குத்தான் தெரியும். குரொய்ஸ்பேர்க், ஃப்ரீட்ரிக்ஸ்ஹைன் என்ற இரண்டு பகுதிகளின் வால்களை ஒட்டியதுதான் பெயர்.

வாசலில் போன் கமராவுக்கு ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே நடப்பதற்குப் படம் கிடையாது. பேர் பரவியதே பாதி அதனால்தான்.

மாங்குளம் சந்தி:
அந்த இசையை யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டுவிட்டதாமே, பிறகென்ன விவாதம்?

பேர்லின் பொடியன்:
இல்லை அண்ணை. 2024 மார்ச்சில் பேர்லின் டெக்னோ (இந்தக் கிளப்புகளில் போடும் மின்னணு நடன இசை) பண்பாட்டைச் சேர்த்தது ஜேர்மனியின் சொந்தத் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில். யுனெஸ்கோவின் உலகப் பட்டியல் வேறு. இந்த ஒரு கிளப்புக்குக் கொடுத்ததும் இல்லை.

வட்டக்கச்சி அக்கா:
எனக்கு ஆட்டம் பாட்டத்தை விட அந்தக் கட்டடம்தான் மனதில் நிற்கிறது. கிளிநொச்சியில் A9 வீதியோரம் போரில் உடைந்து சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். நாங்கள் சைக்கிளில் அதைக் கடந்து ரியூசனுக்குப் போவோம், நிமிர்ந்தும் பார்க்க மாட்டோம். இடிந்த கட்டடத்தை என்ன செய்வது என்று அங்கே பொடியளே முடிவெடுத்திருக்கிறார்கள். அதில்தான் எனக்குப் பொறாமை.

முறிகண்டியான்:
பிள்ளை சொல்வது விளங்குகிறது. ஆனால் பேச்சு அதுவல்ல. முல்லைத்தீவில் கோவலன் கூத்து விடிய விடிய ஆடுகிறார்கள். அதில் கதை இருக்கிறது, கண்ணகி இருக்கிறாள், வற்றாப்பளை அம்மன் இருக்கிறாள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் ஒரு பாட்டாவது வாயில் நிற்கும். உங்கள் கிளப்பில் இருந்து எதைக் கொண்டு போவீர்கள், காதிரைச்சலையா?

மத்தளம் (முள்ளியவளை):
ஐயா, நான் கூத்துக் குடும்பம், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். இரவு மூன்று மணி போல சனம் சாக்கில் சரிந்து படுத்துவிடும். பிளாஸ்கில் தேத்தண்ணியும் முடிந்திருக்கும். அப்போது கூத்தை நடத்துகிற அண்ணாவியார் என்ன செய்வார்? சனத்தை ஒரு பார்வை பார்ப்பார், மத்தளக்காரருக்குக் கண் காட்டுவார், தாளம் இறுகும். உறங்கின கிழவி எழும்பி உட்காருவா. அந்த நேரம் அவவை எழுப்பியது கதை இல்லை, அடி. டீஜே செய்வதும் இதைத்தான் என்று இந்தத் தம்பி சொன்னால் என்னால் மறுக்க முடியவில்லை.

கதை இல்லாவிட்டால் கலை இல்லை என்றால் பறைமேளத்தை எங்கே வைப்பீர்கள்? அடித்தவரை வெளிவீதியில் நிறுத்தி வைத்துவிட்டு இன்று ‘எங்கள் பாரம்பரியம்’ என்று மேடை ஏற்றுகிறோம்.

முறிகண்டியான்:
அந்த அடி எனக்கும் சேர்த்துத்தான், வாங்கிக்கொள்கிறேன். சரி, வெளியில் நிறுத்துவது பிழை என்றால் உங்கள் கிளப் வாசலில் நடப்பது என்ன? மணிக்கணக்காக வரிசையில் நின்றவனை ஒரு ஆள் தலையாட்டித் திருப்பி அனுப்புகிறானாம், காரணமும் சொல்ல மாட்டானாம்.

பேர்லின் பொடியன்:
வாசலுக்குப் பேர்போனவர் ஸ்வென் மார்க்வார்ட். முகத்தில் பச்சை குத்தியிருப்பார், கிழக்கு ஜேர்மனிக் காலத்திலேயே புகைப்படக் கலைஞர். வேடிக்கை பார்க்க வருகிறவனால் உள்ளே இருக்கிறவனுக்குத் தொல்லை வரக்கூடாது என்பதுதான் அவர்கள் நியாயம். ஆனால் ஐயா கேட்டதில் பிழையில்லை. வேறொரு கிளப் வாசலில் என்னையும் திருப்பி அனுப்பினார்கள். என் நிறம்தான் காரணமோ என்று ட்ராமில் வீடு போய்ச் சேரும்வரை யோசித்தேன். கேட்டால் பதில் வராது. அது எனக்கு இன்றைக்கும் முள்ளுத்தான்.

குளத்தடி:
இதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே தம்பி.

ஒட்டுசுட்டான் மச்சான்:
அப்ப தீர்ப்பு என்ன? கலையா, இல்லையா?

முறிகண்டியான்:
என் பக்கம் இல்லைதான், மாறவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். போன முறை கூத்தில் எனக்கு முன்னால் பத்துப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மாதவி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மத்தளம் தம்பி, அடுத்த முறை வாசலில் ஒரு ஆளை விட்டு அந்த ஸ்ரிக்கரை ஒட்டுங்கோ.

மத்தளம் (முள்ளியவளை):
ஒட்டலாம் ஐயா. வாசலில் நிற்க நீங்கள் வருவீர்களா?