கொழிஞ்சாம்பாறை வெயிலில் தொட்டித் தண்ணீர் சூடாகிவிட்டது, மீன்கள் மேலே வந்து நிற்கின்றன, அவசரம்

கொழிஞ்சாம்பாறை_தொட்டி:
வணக்கம். மத்தியானத்திலிருந்து மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தண்ணீரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது. தம்பி ஃப்ரிட்ஜில் இருக்கும் ஐஸைக் கொட்டலாம் என்கிறான். கொட்டலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி_நீரோடை:
ஐஸைக் கொட்ட விடாதீர்கள். என்ன மீன்? எத்தனை லிட்டர்? மேலே மூடி இருக்கிறதா?

செங்கோட்டை_அக்கா:
தெர்மாமீட்டர் இருந்தால் எத்தனை டிகிரி என்று பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. ஏர் பம்ப் ஓடுகிறதா? கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினீர்கள்?

பழைய_வளர்ப்பாளர்:
மீன் பெயர் இல்லை, தொட்டி அளவு இல்லை, ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்படி எழுதினால் யாரால் பதில் சொல்ல முடியும்? கோடை வந்தால் இதே கேள்விதான் வருகிறது. பழைய பதில்களைப் படித்திருந்தாலே பாதி தெரிந்திருக்கும்.

நாகர்கோவில்_கப்பி:
ஒரு தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, மூடியை இறுக்கி, தொட்டியில் மிதக்க விடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

பொள்ளாச்சி_நீரோடை:
பாட்டில் உருகியதும் சூடு திரும்ப ஏறும். ஏறி இறங்குவதுதான் மீனுக்குக் கெடுதல். கையில் வேறு எதுவும் இல்லாதபோது சிறிய பாட்டிலாகப் போடலாம், அதுவும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு.

கொழிஞ்சாம்பாறை_தொட்டி:
3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கோல்டு ஃபிஷ் 4, கொஞ்சம் மாலி. உள்ளே வைக்கும் பவர் ஃபில்டர். மேலே கண்ணாடி மூடி, லைட் எரிகிறது. 33 காட்டுகிறது. மாடி ரூம், மேலே ஷீட். போர் தண்ணீர்தான்.

பொள்ளாச்சி_நீரோடை:
இதுதான் வேண்டியிருந்தது. முதலில் மூடியை எடுங்கள், லைட்டை அணையுங்கள். மீன் துள்ளி விழாமல் கொசுவலையைக் கட்டுங்கள். பவர் ஃபில்டரின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு உயர்த்தி, மேற்பரப்பு நன்றாகச் சலசலக்கும்படி வையுங்கள். ஏர் பம்ப் இருந்தால் அதையும் போடுங்கள். மீன்கள் இப்போது மேலே வந்து திணறுவது பெரும்பாலும் ஆக்சிஜனுக்காக. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆக்சிஜன் பிடிக்கும், 33-ல் 7 சொச்சம்தான். அதே சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவையோ கூடிவிடுகிறது. அதனால் சூட்டை இறக்கும் வேலை அடுத்தது, மேற்பரப்பைக் கலக்குவது முதல் வேலை.

அப்புறம் டேபிள் ஃபேனைத் தண்ணீர் மட்டத்தை உரசிப்போகும்படி சாய்த்து வையுங்கள். வயர் தண்ணீரில் படக்கூடாது.

செங்கோட்டை_அக்கா:
இன்றைக்கும் நாளைக்கும் தீனி போடாதீர்கள். போர் தண்ணீரில் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) பெரும்பாலும் 8 பக்கம் இருக்கும். அந்த பி.எச்.சில் 25-லிருந்து 32 டிகிரிக்குப் போனால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் நச்சான வடிவத்தின் பங்கு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. கோல்டு ஃபிஷ் நிறையக் கழிவு போடும் மீன். பாதித் தண்ணீரை ஒரே மூச்சில் மாற்றிவிடாதீர்கள், ஐந்தில் ஒரு பங்கு போதும். போர் தண்ணீரை வாளியில் பிடித்து, கொஞ்ச நேரம் காற்றோடவிட்டு ஊற்றுங்கள். நிலத்தடியிலிருந்து வரும்போது அதில் ஆக்சிஜன் குறைவு.

அனந்தபுரி_ரீஃப்:
ஃபேன் வைத்துப் பயனில்லை. திருவனந்தபுரத்தில் நான் வைத்துப் பார்த்தேன், ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின், சில்லர், வாங்குங்கள்.

பொள்ளாச்சி_நீரோடை:
உங்கள் ஊர் கடற்கரை, காற்றிலேயே ஈரம். இவர் பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறார், கோடை மழைக்கு முன்னால் இங்கே காற்று வறட்டுக் காற்று. 100 லிட்டரில் 1 லிட்டர் ஆவியானால் கணக்குப்படி 5, 6 டிகிரி இறங்க வேண்டும். அறைச் சூடு திரும்ப உள்ளே வருவதால் கையில் கிடைப்பது 2 முதல் 4 டிகிரி. அதற்காக ஒரு சில்லரின் விலையைக் கொடுக்கச் சொல்வது நியாயமில்லை.

அனந்தபுரி_ரீஃப்:
பாலக்காட்டிலும் மழை வந்தபின் ஒட்டும் வெயில்தான். அப்போது என்ன செய்வார்?

செங்கோட்டை_அக்கா:
சண்டை வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம். தெர்மாமீட்டர் முனையில் ஈரத்துணி சுற்றி ஃபேனுக்கு முன்னால் பிடியுங்கள். இறங்கி எங்கே நிற்கிறதோ அதற்குக் கீழே எந்த ஃபேனாலும் தண்ணீரைக் கொண்டுபோக முடியாது. அந்த அளவு தொட்டிச் சூட்டைவிட நல்ல இடைவெளியில் இருந்தால் ஃபேன், ஒட்டி இருந்தால் சில்லர்.

பழைய_வளர்ப்பாளர்:
அடிப்படையை யாரும் பேசவில்லை. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், 18 முதல் 24 டிகிரி அதற்கு நல்லது. ஷீட் போட்ட மாடியில் அதை வைக்கவே கூடாது. நம் மலை மீன் மிஸ் கேரளா வாங்கியிருக்கலாம்.

நாகர்கோவில்_கப்பி:
சென்னை கொளத்தூரில் அந்த வெயிலிலேயே கோல்டு ஃபிஷ் வளர்க்கிறார்களே சார்.

பொள்ளாச்சி_நீரோடை:
அங்கே அகலமான தொட்டிகள், காற்றுப்படும் பரப்பு அதிகம். மிஸ் கேரளா யோசனையும் எனக்குச் சரியாகப் படவில்லை. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடும் ஓடைகளில் வாழ்வது, அதற்கும் குளிர்ச்சியும் ஓட்டமும் வேண்டும். அழியும் ஆபத்திலுள்ள மீன் வேறு. ஓடையிலிருந்து பிடித்து வந்ததை வாங்குவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை.

பழைய_வளர்ப்பாளர்:
பண்ணையில் பெருக்கியதும் கிடைக்கிறது. விசாரித்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறை_தொட்டி:
மூடியை எடுத்து ஃபேன் வைத்தேன். ராத்திரி 30. மீன்கள் கீழே இறங்கிவிட்டன. ஈரத்துணியில் 25 காட்டியது. எல்லோருக்கும் நன்றி.

செங்கோட்டை_அக்கா:
சந்தோஷம் தம்பி. ஃபேன் ஓடும்வரை தண்ணீர் மட்டம் தினமும் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நின்றுவிடும். குறைவதை ஈடுகட்ட போர் தண்ணீருக்குப் பதில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம், கரண்ட் போனால் ஏர் பம்ப்புக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கிறதா?