14 டரான்டுலா, ஒரே அலமாரி: நிரந்தர ஏற்பாடு எப்படிச் செய்வது?

வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். டரான்டுலா எனும் பெரிய ரோமச் சிலந்திகளை வளர்க்கிறேன். 2018-இல் ஒரு மெக்சிகன் ரெட்நீ வகைக் குஞ்சோடு ஆரம்பித்தேன், இப்போது 14 ஆகிவிட்டன. ஒன்பது தரையில் வாழ்பவை (ரெட்நீ, சாக்கோ கோல்டன்நீ), ஐந்து மரத்தில் வாழும் பிங்க்டோ. பெரியவற்றுக்கு ஆளுக்கொரு 30 செ.மீ. பெட்டி தேவை, அலமாரியில் இடமில்லை. ரெட்நீ பெண் 20 வருடத்துக்கு மேல் வாழும், அதனால் தற்காலிக ஏற்பாடு வேண்டாம்.

இடத்தைவிடக் குளிர்தான் பெரிய தலைவலி. ஜனவரியில் இரவில் அறை 15 டிகிரிக்கு இறங்குகிறது. சாக்கோ இரை எடுப்பதை நிறுத்திவிட்டு மூலையிலேயே கிடக்கிறது. வயிறு சுருங்கவில்லை, தண்ணீர் குடிக்கிறது.

செய்து பார்த்தவை: ஹீட் மேட்டை (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) பெட்டிக்கு அடியில் வைத்தேன். சிலந்தி சூடு தாங்காமல் மண்ணைத் தோண்டி, மேட் இருக்கும் பக்கமே இறங்கியது. உடனே எடுத்துவிட்டேன். பக்கவாட்டில் ஒட்டினால் பெட்டிக்குள் மண்ணாகப் பரப்பிய தேங்காய்நார்த் தூள் இரண்டே நாளில் காய்ந்துவிடுகிறது. கம்பிவலை மூடியில் ரெட்நீயின் நகம் மாட்டித் தலைகீழாகத் தொங்கியது. நல்லவேளை, கால் போகவில்லை. அப்புறம் எல்லாவற்றுக்கும் துளையிட்ட அக்ரிலிக் மூடி போட்டேன். உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்துவிடலாம் என்பதால் தரைவாழ் பெட்டிகளில் மண்ணை உயர்த்திவிட்டேன். எண்ணெய் ஹீட்டரை இரவு முழுக்க ஓட்டினேன், மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை.

பழைய கண்ணாடிக் கதவு அலமாரி ஒன்றுக்குள் தெர்மோகோல் ஒட்டி, வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு மொத்தமாகச் சூடாக்கலாம் என நினைக்கிறேன். மரவாழ் சிலந்திகளுக்குக் காற்றோட்டம் குறையாமல், அப்படி ஒரே அலமாரியில் இரண்டு வகையையும் வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் ஹீட்டரையும் காற்றுத் துளைகளையும் எங்கே அமைத்திருக்கிறீர்கள்?