தொங்கும் கூடைல தண்ணி நிக்கவே மாட்டேங்குது, வழி சொல்லுங்க
வணக்கம் ஃப்ரெண்ட்ஸ், மதுரைல மேற்கு பார்த்த பால்கனி எங்களுது, 10 இன்ச் கம்பிக் கூடைல தேங்கா நார் மேட் போட்டு, செம்மண்ணு வெயிட் ஆகும்னு கோகோபீட்டும் (தேங்கா நார்த் தூள்) மண்புழு உரமும் மட்டும் கலந்து டேபிள் ரோஸ் குச்சி வச்சேன். ரெண்டு மாசம் கூடையே தெரியாம பூத்துச்சு, அவ்ளோ அழகு! இப்ப சித்திரை வெயில்ல கோகோபீட் சுருங்கி ஓரத்துல விரல் நுழையுற அளவு சந்து விட்டுருச்சு, தண்ணி ஊத்துனா அது வழியா அப்படியே கீழ் வீட்டுத் துணி மேல ஒழுகுது, நடுவுல தொட்டா பொடியா காஞ்சு கெடக்கு.

பக்கெட் தண்ணில அரை மணி நேரம் முக்கி வச்சா நல்லா ஊறுது, ஆனா அந்த வெயிட்டோட தூக்கி மாட்ட அம்மாவால முடியல. நார் மேட்டுக்கு உள்ள ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கவர் விரிச்சா வேர் அழுகுமா, இல்ல மண்ணு சேர்க்கணுமா, எவ்ளோ? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.