புதுப்பிப்பு: டிராக் டேவுக்கு வண்டியில் நம்பர்

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நம் சொந்த பைக்கை ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு (டிராக் டே) வண்டியில் நம்பர் ஒட்ட வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு. ஒட்டத்தான் வேண்டும். நம்பரை முன்கூட்டியே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள். ஆசைப்பட்ட 46 (பைக் ரேஸர் வாலன்டினோ ரோஸியின் நம்பர்) எல்லாம் நடக்காது! ரேடியம் கடையில் மேட் கறுப்பு வினைலில் வெட்டி வாங்கினேன். ஹெட்லைட்டை எப்படியும் டேப் போட்டு மூடச் சொல்கிறார்கள், அதன் மேலேயே முன் நம்பர். சைலன்சர் பக்கம் ஒட்டியது சூட்டில் ஓரம் சுருண்டது. சீட்டுக்குக் கீழே ஒட்டியது அசையவில்லை.

அலங்கார எழுத்து வேண்டாம். டிராக் ஓரமாகத் தூரத்தில் நின்று பாதுகாப்பைக் கவனிக்கும் மார்ஷலுக்கு 1ம் 7ம் ஒன்றாகத் தெரியும். வண்டியில் ஆயில் ஒழுகினால் அந்த நம்பரைச் சொல்லித்தான் வயர்லெஸ்ஸில் தகவல் போகும்.

அப்புறம், உரிக்கும்போது ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டுங்கள், பசை அவ்வளவாக ஒட்டாது.