தனி வகுப்பு போனபின் அந்தப் பிள்ளைகளை யார் கண்டுகொள்வார்கள்?

பொங்கோல் தாய் எழுதியது:

என் மகள் 2024இல் தொடக்கநிலை 1இல் சேர்ந்தவள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி தேசிய தினப் பேரணி உரையில், ஜிஇபி என்று நாம் எல்லாரும் சொல்லும், மிகுந்த அறிவாற்றல் உள்ள பிள்ளைகளுக்கான மீத்திறன் கல்வித் திட்டம் இப்போதைய வடிவில் தொடராது என்று சிங்கப்பூர்ப் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். புதிய ஏற்பாடு முதலில் வந்து சேர்வது என் மகளின் வகுப்புக்குத்தான் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

1984இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், தொடக்கநிலை 3 பிள்ளைகளுக்கு இரண்டு சுற்றுத் தேர்வு நடக்கும். நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒன்பது பள்ளிகளில் தொடக்கநிலை 4 முதல் 6 வரை தனி வகுப்பில் படிப்பார்கள். இனி ஒரே சுற்றுத் தேர்வுதான். அதனுடன் ஆசிரியரின் அன்றாடக் கவனிப்பும் பிள்ளை செய்த வேலைகளும் சேர்த்துப் பார்க்கப்படும். பிள்ளை தன் பள்ளியிலேயே இருப்பாள். பள்ளியிலேயே கூடுதல் பயிற்சி பெறுவோர் ஏழு விழுக்காட்டிலிருந்து பத்து விழுக்காடாக உயர்வார்கள் என்றும், அதற்கும் மேல் தேவைப்படுவோருக்கு வகுப்பு முடிந்தபின் அருகிலுள்ள பள்ளிகளில் சிறப்புப் பாடங்கள் நடக்கும் என்றும் கல்வி அமைச்சு சொல்லியிருக்கிறது.

எங்கள் புளோக்கில் ஒரு பையன் இரண்டாம் சுற்றுக்காகச் சனிக்கிழமைதோறும் பயிற்சி நிலையத்துக்குப் போய்வந்தான். தேறவில்லை. ஒருநாள் மின்தூக்கியில், தன் அம்மா பக்கத்தில் நிற்கும்போதே, "எனக்கு மூளை கம்மியா ஆன்ட்டி?" என்று என்னிடம் கேட்டான். அவனுக்கு வயது ஒன்பது. ஒன்பது வயதுப் பிள்ளையை அப்படிக் கேட்கவைக்கும் ஏற்பாடு எத்தனை பேரை வளர்த்திருந்தாலும் அதை நிறுத்தியது சரி என்றே நான் நினைக்கிறேன்.

பழைய ஜிஇபி மாணவன் எழுதியது:

அந்தப் பையனின் கேள்வி எனக்கும் வலிக்கிறது. ஆனால், அந்த வலிக்குக் காரணம் பயிற்சி நிலையங்களும் பெற்றோரின் ஆசையுமே தவிர, தனி வகுப்பு என்ற ஏற்பாடு அல்ல என்பது என் கருத்து.

நான் 1995இல் தொடக்கநிலை 4இல் அந்த வகுப்புக்குப் போனவன். அதற்கு முந்தைய ஆண்டில், கணக்குத் தாளை முதலில் முடித்துவிட்டால் மேசையில் தலைவைத்துப் படுக்கச் சொல்வார்கள். ஆசிரியர்மேல் குறை சொல்லமாட்டேன். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்ய முடியும்? அந்த ஆண்டு முழுவதும் என் கன்னத்தில் பட்ட மேசையின் குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. நான் கேள்வி கேட்டால் மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அதனால் கேட்பதையே நிறுத்திவிட்டேன்.

புதிய வகுப்பில் இருபத்தைந்து பேர் அளவில்தான் இருந்தோம். விடை சரியாக இருந்தாலும், "ஏன் அப்படி வருகிறது?" என்று ஆசிரியை விடமாட்டார். நாங்களே ஒரு தலைப்பை எடுத்து மாதக்கணக்கில் ஆராய்ந்து எழுதினோம். எல்லாவற்றுக்கும் மேலாக, என்னைப் போலவே விடாமல் கேட்கும் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது முடுக்கிவிடப்பட்ட பாடம் மட்டுமன்று, துணை. களைத்துப்போன மாலையில் ஓரிரு மணி நேரம் இன்னொரு பள்ளியில் போய் உட்காருவது, நாள் முழுவதும் கிடைத்த அந்தத் துணைக்கு ஈடாகாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

உங்கள் இருவரின் கருத்தையும் படித்தேன். முப்பது ஆண்டுக்கு மேல் அக்கம்பக்கப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் கற்பித்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். வீட்டில் தமிழ் மட்டுமே பேசுவார்கள். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னபோது, பத்தைக் கடன் வாங்காமல் நேராக 25 என்று எழுதினான். பக்கத்தில் அழைத்துக் கேட்டேன். "ஐம்பதில் இருபது போனால் முப்பது, டீச்சர். இரண்டில் ஏழை எடுக்கப் போனால் ஐந்து பத்தாது. அந்த ஐந்தை முப்பதிலிருந்து எடுத்துவிட்டேன்" என்றான். எதிர்ம எண் என்ற சொல்லை அவன் கேட்டதே இல்லை. பற்றாக்குறையையும் ஓர் எண்ணாக வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தானே கண்டுபிடித்திருந்தான். இதே முறையில் அவன் செய்திருந்த வேறொரு கணக்குக்கு, எனக்குப் பதிலாக வந்த ஆசிரியர், வழிமுறை காட்டப்படவில்லை என்று மதிப்பெண் குறைத்திருந்தார்.

தேர்வின் முதல் சுற்று ஆங்கிலமும் கணிதமும் கொண்டது. ஆங்கிலத் தாளும் அவனைத் தடுத்தது. கணிதத் தாளிலும் நான்கு வரிக்கு நீளும் கதைக்கணக்குகளை வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. அவன் இரண்டாம் சுற்றுக்கே போகவில்லை. தனி வகுப்பின் அருமையை நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மைதான், தம்பி. ஆனால் அந்தக் கதவு இவனுக்குத் திறக்கவில்லை. ஆகவே ஆசிரியரின் கவனிப்பையும் கணக்கில் எடுப்பார்கள் என்ற செய்தியை நான் மனமார வரவேற்கிறேன்.

பழைய ஜிஇபி மாணவன் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு, அந்தப் பையனுக்கு நீங்கள் கிடைத்தது அவனுடைய நல்வாய்ப்பு. எல்லா வகுப்பிலும் நீங்கள் இருப்பீர்களா என்பதே என் அச்சம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு பெரிய பள்ளி மாவட்டம் முன்பெல்லாம் ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த பிள்ளைகளைத்தான் மீத்திறன் சோதனைக்கு அனுப்பியது. பிறகு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு முன்சோதனை வைத்தது. டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற இரு பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் சோதனை வைத்தபோது ஏழைப் பிள்ளைகளும் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளும் முன்பைவிடக் கணிசமாக அதிகம் கண்டறியப்பட்டார்கள். அவர்கள் புதிதாக அறிவாளிகள் ஆகிவிடவில்லை. அதுவரை பெரியவர்களின் கண்ணில் படாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அமைதியாக உட்கார்ந்து, அழகாக எழுதி, நல்ல ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளையே கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைப்பது ஆசிரியருக்கும் இயல்பு. உங்கள் பையனுக்கு மதிப்பெண் குறைத்தவரும் ஓர் ஆசிரியர்தான் அல்லவா?

பொங்கோல் தாய் எழுதியது:

இது நியாயமான வாதம். பயிற்சி நிலையம்தான் தேர்வைக் கெடுத்தது என்று எண்ணியிருந்த நான், தேர்வே இல்லாவிட்டால் இன்னும் அநியாயம் நடக்கக்கூடும் என்று யோசித்ததில்லை. ஆனால் இங்கே தேர்வு நீக்கப்படவில்லை. எல்லாருக்கும் பொதுவான அந்த ஒரு சுற்று இருக்கிறது. அதில் தவறிய பிள்ளைக்கு ஆசிரியரின் கண் இன்னொரு வலையாகிறது. இரண்டும் சேர்ந்தால் ஃபுளோரிடாவின் பழைய நிலை இங்கே வராது என்றே நம்புகிறேன்.

தெம்பனிஸ் தந்தை எழுதியது:

நான் துறைமுகத்தில் சுழல்முறை வேலை பார்க்கிறேன். என் மனைவி தாதி. கண்டறிவது பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கண்டறிந்தபின் அந்தப் பிள்ளையை மாலையில் இன்னொரு பள்ளிக்கு யார் அழைத்துப்போவது? என் மூத்தவன் பள்ளி விட்டதும் தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். சிறப்புப் பாடத்துக்கு இடம் கிடைத்தாலும் நாங்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். பணிப்பெண் வைத்திருக்கும் வீட்டுக்கு இந்தத் தடை இல்லை. தனி வகுப்பு பகலில், பள்ளி நேரத்திலேயே நடந்தது என்பது அதன் பெரிய நன்மை என்று இப்போதுதான் தோன்றுகிறது. போக்குவரத்துக்கும் தம்பி தங்கைகளின் பராமரிப்புக்கும் வழி செய்யாமல் வாய்ப்பைப் பரவலாக்கிவிட்டோம் என்று சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

தெம்பனிஸ் தந்தை சொன்னது இந்த விவாதத்திலேயே மிக முக்கியமானது என்பேன். அதனால்தான், மாலைப் பாடத்தைவிட, பிள்ளையின் சொந்தப் பள்ளியில் பகலில் நடப்பதன் தரத்தையே நாம் அதிகம் கேட்க வேண்டும்.

ஆசிரியரும் தவறுவார் என்பதை மறுக்கமாட்டேன், நானும் தவறியிருக்கிறேன். தமிழில் எட்டு வயதிலேயே உவமை சொல்லிப் பேசிய ஒரு பெண்ணை, கணக்கில் சுமார் என்பதற்காக நான் சாதாரணமாக நினைத்துவிட்டேன். தமிழாசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இந்தத் தேர்வில் தாய்மொழித் திறனுக்கு இடமில்லாததால், தாய்மொழி ஆசிரியர்களின் குரலும் சேர வேண்டும் என்று கேட்கிறேன்.

கழித்தல் பையனைப் பற்றிய மீதியையும் சொல்லிவிடுகிறேன். தலைவைத்துப் படுக்கச் சொல்வதற்குப் பதிலாக, அவனுக்காகக் கணக்கு எழுதிய அட்டைகளை என் மேசை இழுப்பறையில் வைத்தேன். முடித்தவுடன் எழுந்து வந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கணக்கைத் தமிழிலும் எழுதியிருப்பேன். முதல் வாரம் அவன் மட்டும் வந்தான். மாதம் முடிவதற்குள் ஏழு பேர் வந்தார்கள். அதில் நால்வரை நான் ஒருபோதும் கெட்டிக்காரர்கள் என்று எண்ணியிருக்கவில்லை. ஆனால் நாற்பது பேர் வகுப்பில் இதை எழுத எனக்கு இரவுகள் பிடித்தன. ஆசிரியருக்கு நேரம் ஒதுக்காமல், "கவனியுங்கள்" என்று மட்டும் சொன்னால் அது நடக்காது.

பழைய ஜிஇபி மாணவன் எழுதியது:

அந்த ஏழு பேர் என்னை அசைக்கிறார்கள். தனி வகுப்பு இருந்திருந்தால் அவன் ஒருவனைத்தான் அனுப்பியிருப்பீர்கள். மற்ற ஆறு பேர் இழுப்பறைக்கே வந்திருக்கமாட்டார்கள்.

இருந்தும் நான் முழுதாக மாறவில்லை. மிகத் தொலைவில் ஓடும் பிள்ளைக்கு அட்டை போதாது. தன்னைப் போன்ற இன்னொருவர் வேண்டும். ஆகவே இரண்டே இரண்டு கோரிக்கைகள்: மாலைப் பாடம் என்றால், ஒவ்வொரு முறையும் புதுக் குழு, புது ஆசிரியர் என்று இல்லாமல், அதே பிள்ளைகளை அதே ஆசிரியரிடம் மூன்று ஆண்டும் சந்திக்கவிடுங்கள். தெம்பனிஸ் நண்பரின் மகன் வருவதற்குப் பேருந்தும், அவன் தம்பி உட்காருவதற்கு ஓர் அறையும் கொடுங்கள். பெற்றோர் கருத்துக் கேட்கும்போது இந்த இரண்டையும் நாம் எல்லாரும் சேர்ந்தே எழுதலாம் என்றால் நான் வரைவு தயாரிக்கிறேன்.

தெம்பனிஸ் தந்தை எழுதியது:

தயாரியுங்கள். இந்த வாரம் எனக்கு இரவுப்பணி. பகலில் படித்துத் திருத்தித் தருகிறேன்.