பணம் கொழித்த காலத்தில் அயர்லாந்து ஜனங்கள் எப்படி இருந்தார்கள்?

ஒத்தக்கடைக்காரன்:

மகன் செப்டம்பரில் டப்ளினுக்குப் படிக்கப் போகிறான். அதனால் அந்த நாட்டைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். 1990களின் நடுவிலிருந்து 2007 வரை அங்கே பணம் கொழித்ததாம், 'கெல்டிக் டைகர்' என்று அதற்குப் பேர். படிக்கப் படிக்க எங்கள் ஊர்தான் ஞாபகம் வருகிறது. யானைமலைக்குக் கீழே நெல் போட்ட வயலெல்லாம் பிளாட் ஆகிவிட்டது. நிலம் விற்ற சொந்தக்காரர்கள், என் தம்பி உட்பட, காதுகுத்துக்கு ஆளுயர ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேசத்தான் ஆளில்லை. பணம் மனுசனை மாற்றிவிடுகிறது என்றே எனக்குப் படுகிறது. அப்போது அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள், அவர்களும் இப்படித்தான் ஆனார்களா?

திருநகர் நர்ஸ்:

அண்ணே, நான் 2002லிருந்து 2011 வரை டப்ளினில் நர்ஸாக இருந்தேன்.

முதலில் ஒன்று. அந்தப் பணம் அவர்களுக்கு எதைக் கொடுத்தது என்று தெரியாமல் பேசக்கூடாது. என் வார்டு சிஸ்டர் மேயோ கவுண்டிக்காரர், அயர்லாந்தின் மேற்கே இருக்கிற ஒரு மாவட்டம். 1980களில் வேலை இல்லாமல் லண்டன் போய், 1999ல்தான் ஊர் திரும்பினார். அவர் வீட்டில் ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் கப்பலேறியவர்கள். 1840களின் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்து, இன்னொரு பத்து லட்சம் பேர் நாட்டை விட்டுப் போன மண் அது. பஞ்சத்துக்கு முன் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த தீவின் ஜனத்தொகை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. பிள்ளையை வளர்ப்பதே வழியனுப்பத்தான் என்றிருந்த ஊர். 1990களின் தொடக்கத்தில் நூற்றுக்கு 15 பேருக்கு வேலை கிடையாது, நான் போனபோது அது 5க்கும் கீழே. 2004ல் போலந்துக்காரர்கள் வந்து இறங்கியபோது சிஸ்டர் சொன்னது மறக்கவில்லை: "பிழைக்க நம்மிடம் வருகிறார்களே!" அந்தக் குரலில் திமிர் இல்லை அண்ணே, தலை நிமிர்ந்த சந்தோசம்.

ஆடம்பரமும் இருந்தது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு முதல் நற்கருணை என்று ஒரு விசேஷம். அப்படியே நம்ம காதுகுத்துதான். கல்யாணப் பெண் மாதிரி கவுன், வாசலில் காற்றடைத்த கோட்டை, கவரில் செய்முறைப் பணம். முன்பெல்லாம் கொஞ்சம் அலட்டினாலே "இவனுக்கு வந்த பவுசைப் பார்" என்று அடக்கிவிடுவார்களாம். அந்த வாய் அப்போது மூடிக்கொண்டது. டீ நேரத்தில் பேச்செல்லாம் வீட்டு விலைதான்.

அக்கம்பக்கத்துப் பழக்கம் விட்டுப்போனதற்கு நான் கண்ட காரணம் வேறு. 2005 வாக்கில் வங்கிகள் வீட்டு விலை முழுவதையும் கடனாகவே தர ஆரம்பித்தன. 2006ல் மட்டும் ஏறக்குறைய 90,000 வீடு, அதுவும் 42 லட்சம் ஜனத்துக்கு! டப்ளினில் கட்டுப்படியாகாமல் என்னோடு வேலை பார்த்த பெண் போர்ட்லீஷில் வாங்கினாள். மதுரைக்கும் தேனிக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். விடியுமுன் காரில் கிளம்புவாள், தூங்கும் குழந்தையைக் காப்பகத்தில் விடுவாள், இருட்டிய பிறகு திரும்புவாள். பக்கத்து வீட்டுக்காரர் பேரே அவளுக்குத் தெரியாது. குணம் மாறிவிடவில்லை. அவளுக்கு நேரம்தான் இல்லை.

அவளே, கேதம் என்றால் லீவு போட்டுவிட்டு 200 கிலோமீட்டர் போவாள். அங்கே உள்ளூர் ரேடியோவில் இறந்தவர் பேரை வாசிப்பார்கள், நாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவது போல. எவ்வளவு பணம் வந்தும் அது நிற்கவில்லை.

பழங்காநத்தம் தம்பி:

நான் 2012ல் அயர்லாந்தின் கார்க் நகரத்துக்குப் போனவன். வீட்டு விலை சரிந்து பணம் போன பிறகாவது பழைய நெருக்கம் திரும்பியதா என்றால், இல்லை. பாதி கட்டி விட்ட காலனிகள், விளக்கில்லாத தெருக்கள். எங்கள் தெருவில் ஒரே வருடத்தில் மூன்று பையன்கள் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள்.

திருநகர் நர்ஸ்:

ஆமாம் தம்பி. திவாலாகாமல் இருக்க, 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், ஐ.எம்.எஃப். சேர்ந்த 8,500 கோடி யூரோ உதவித் திட்டத்துக்கு அரசாங்கம் ஒத்துக்கொண்டது. எல்லாரும் சேர்ந்து ஆடினோம் என்று அப்போது பேசினார்களே, அது எனக்குப் பொறுக்கவே இல்லை. எங்கள் வார்டைத் துடைத்த அம்மா என்ன ஆடினார்? அவர் சம்பளத்திலும்தான் பிடித்தார்கள். சிஸ்டரின் மகனும் கனடா போனான். அன்றைக்கு அவர் டியூட்டிக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒத்தக்கடை அண்ணே, உங்கள் தம்பி எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்?

ஒத்தக்கடைக்காரன்:

இரவு பத்தாகிவிடும்மா. நிலம் விற்ற காசு போதாமல் கடன் வாங்கி மாடி கட்டினான். தவணை கட்ட டிராவல்ஸில் வண்டி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமையும் கொடைக்கானல் சவாரி. திண்ணைக்கு வரவில்லை என்று நான்தான் இரண்டு வருடமாகக் கோபமாக இருக்கிறேன்.

மகனுக்கு ரூம் பார்ப்பது பற்றித் தனியாகக் கேட்கிறேன்.