உணவுப் பதிவுச் செயலி: மறுவடிவமைப்புக்குப் பிறகு

புதுப்பிப்பு: எங்கள் உணவுப் பதிவுச் செயலியில் ஒரு வேளைச் சாப்பாட்டைப் பதிவதற்குள் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். புதிய வடிவத்தை மயிலாப்பூர், பெரம்பூர் பக்கம் சிலரிடம் கொடுத்துப் பார்த்தோம்.

நல்ல பலன் தந்தது அளவு மாற்றம்தான். திரையிலிருந்து கிராமை எடுத்துவிட்டோம். இட்லிக்கு எண்ணிக்கை, சாம்பாருக்குக் கரண்டி, பொரியலுக்குக் கிண்ணம். வீட்டில் யார் சாம்பாரை எடை போடுகிறார்கள்? கிராம் கணக்கு உள்ளே ஓடும். அதற்கு அடிப்படை, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணை.

அப்புறம், பொத்தான்கள் எல்லாம் குறைந்தது 48 டிபி (dp, திரையில் அளவைக் குறிக்கும் அலகு). ஆண்ட்ராய்டு பரிந்துரைப்பதும் அதுவே. மின்சார ரயிலில் நின்றபடியே ஒரு கையால் தட்ட முடிகிறது என்றார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஹோட்டல் பொரியலின் எண்ணெய்க் கணக்கு மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. அடுத்து அதைத்தான் எடுக்கிறோம்.